ஒரு சாண் தள்ளி

காலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள், சார். இந்தப் பையை நெடுக்காகத்தான் வைக்க முடியும். துப்பாக்கி இல்லை, பயப்படாதீர்கள். கண்டக்டரும் அதைத்தான் கேட்டார். திருச்சி பஸ் ஸ்டாண்டில் போலீஸ்காரர் ஒருவர் கேட்டார், டீக்கடையில் ஒருவர் கேட்டார். காலையிலிருந்து திறந்து திறந்து காட்டி ஜிப்பே கையோடு வந்துவிடும்போல் இருக்கிறது. உங்களுக்கு வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

மண்ணுக்குள் கிடக்கிற உலோகத்தைக் கண்டுபிடிக்கிற மிஷின் இது. மெட்டல் டிடெக்டர். எங்கள் பக்கத்தில் ‘கூவுற மிஷின்’ என்பார்கள். நான் புதையல் தேடுகிறவன் இல்லை. புதையல் என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து வந்துவிடுவேன். எங்கள் ஊர்ப்பக்கம் கடலை வெள்ளாமை. பங்குனி, சித்திரையில் கடலை பிடுங்குவார்கள். விடியற்காலையிலிருந்து குனிந்து, செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, மறுபடி குனிகிற பெண்களுக்குக் காதில் கிடந்தது எப்போது விழுந்தது, காலில் கிடந்தது எப்போது விழுந்தது என்று தெரியாது. வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுதான் தெரியும். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். அடைக்கலத்தைக் கூப்பிடு, மிஷினோடு வரட்டும் என்பார்கள். அடைக்கலம் நான்தான்.

மஸ்கட்டில் குழாய் பதிக்கிற கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்தேன். புதைந்த குழாய் எங்கே ஓடுகிறது என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஊருக்குத் திரும்பும்போது மேனேஜர் இந்தப் பழைய மிஷினைக் கையில் கொடுத்து அனுப்பினார். அதனால் இதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? அறந்தாங்கியா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. நான் இறங்க வேண்டிய இடம்தான் இன்னும் முடிவாகவில்லை. ஆலங்குடி தாண்டினதும் கீழக்கொல்லை விலக்கு வரும். அங்கே இறங்கினால் என் தங்கை இளஞ்சியத்தின் வீடு. இறங்காமல் இன்னும் நாலு ஸ்டாப் போனால் என் வீடு.

நாளைக் காலையில் தங்கை மகளுக்குக் காது குத்து. மகிழினி என்று பெயர், மூன்று வயது. எங்கள் வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். இளஞ்சியத்துக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் நாளைக்கு அந்தப் பிள்ளை உட்காரப்போவது எங்கள் சித்தப்பா மகன் மடியில். எனக்கு அழைப்பே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் நாளே தெரியும். சொந்த மாமன் உயிரோடு இருக்கும்போது, இரவல் மாமன் மடி. கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

ஏன் என்று கேட்டால், எல்லாம் இந்த மிஷினில் இருக்கிற ஒரு பட்டனில் போய் நிற்கிறது.

பின்பாயிண்ட் பட்டன் என்று பெயர். கம்பின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக ஒன்று இருக்கும். அதைத் தரையை ஒட்டி இடமும் வலமும் வீசிக்கொண்டே நடக்க வேண்டும். அடியில் உலோகம் இருந்தால் கூவும். ஆனால் அந்தக் கூவல் தெருப் பெயரைத்தான் சொல்லும், கதவு எண்ணைச் சொல்லாது. கதவு எண் வேண்டுமென்றால் பின்பாயிண்ட். தட்டைச் சற்றுத் தள்ளி வைத்துப் பட்டனை அழுத்தி, அழுத்தியபடியே மெதுவாக நகர்த்திக்கொண்டு வர வேண்டும். சத்தம் ஏறும், ஏறும், ஓரிடத்தில் உச்சிக்குப் போகும். தட்டின் நடுவுக்கு நேர் கீழே பொருள். அங்கே தோண்டினால் ஒரு கை அகலக் குழி போதும். வயல்காரனுக்கும் வயிறு எரியாது.

நான் பார்ப்பேன், அவன் தோண்டுவான். அதுதான் ஏற்பாடு. அவன் என்றால் சோலைமுத்து, இளஞ்சியத்தின் வீட்டுக்காரர். என் மாப்பிள்ளை. நாலு வருஷம் அப்படித்தான் போனது. நான் பார்ப்பேன், பெருவிரலால் மண்ணில் ஒரு கோடு போடுவேன். அவன் களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு உட்காருவான். “வந்துருச்சு மச்சான்” என்பான். ஒரு குழி, ஒரு பொருள். தோடு, கொலுசு, மோதிரம், ஒரு தடவை ஒரு கிழவர் தொலைத்த, கம்பி வைத்த பல்செட். அந்தக் கிழவர் அதை அங்கேயே துடைத்து மாட்டிக்கொண்டார்.

இந்த வருஷம்தான் கெட்டது. மாசிக் கடைசியில் வரப்பில் வண்டி சறுக்கி மிஷின் கீழே விழுந்தது. தட்டையும் கம்பையும் சேர்க்கிற இடத்தில் ஒரு போல்ட் இருக்கும். அது உடைந்துவிட்டது. எடுத்துப் பார்க்கிறேன், பிளாஸ்டிக்! ஊரான் ஊரான் பாலைவனத்தில் பாடுபட்ட மிஷினுக்கு ஒரு பிளாஸ்டிக் போல்ட்டா? இவ்வளவு பெரிய கம்பெனிக்கு இதில் போய் மிச்சம் பிடிக்கத் தோன்றியிருக்கிறதே என்று நினைத்தேன். சைக்கிள் கடைக்குப் போனேன். நல்ல இரும்பு போல்ட்டாக, வாஷர் இரண்டு, நட்டு ஒன்று வாங்கி, ஸ்பானர் போட்டு இறுக்கினேன். கம்பெனி மாட்டினதைவிட உறுதியாக இருந்தது. இப்போதும் சொல்கிறேன், உறுதி என்று பார்த்தால் நான் மாட்டினதுதான் உறுதி.

பங்குனியில் கடலை பிடுங்க ஆரம்பித்தார்கள். மிஷின் முன்போலவே கூவியது. ஆனால் பின்பாயிண்ட் போட்டுக் கோடு கிழித்த இடத்தில் தோண்டினால் வெறும் மண். முதல் தடவை ஒரு கொலுசு. ஒரு பாத்தியையே புரட்டிப்போட்ட பிறகு எங்கேயோ ஓரத்தில் கிடைத்தது. அடுத்தது ஒரு மோதிரம். அதுவும் அப்படியே. வயல்காரர், “அடைக்கலம், மோதிரம் தேட வந்தியா, கெணறு வெட்ட வந்தியா?” என்று கேட்டுவிட்டார்.

நான் செய்யாத வைத்தியம் இல்லை. பேட்டரி மாற்றினேன். ஒயரைப் பிரித்துக் கம்பில் இறுக்கமாகச் சுற்றினேன். செல்போனை வரப்பில் வைத்துவிட்டு வந்தேன். செருப்பில் ஆணி இருக்குமோ என்று வெறுங்காலோடு நடந்தேன். வீட்டுக்குள் ஒரு காசைப் போட்டுச் சோதித்தேன். தரைக்குள் இருக்கிற கம்பிக்கெல்லாம் கூவியதில், என் மனைவி வெளியே போய் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். 

சோலைமுத்து ஒரு நாள், “மச்சான், புது போல்ட்டு போட்டதுலேர்ந்துதான் இப்படி இருக்கு” என்றான்.

“உனக்கு மிஷினைப் பத்தி என்னடா தெரியும்? நீ மண்ணைப் பாரு” என்றேன்.

மண்ணைப் பார்த்தான். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சொல் சொன்னதோடு நிறுத்திக்கொண்டால் நான் எப்படி நம்புவது?

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். தனபாக்கியம் என்று ஒரு பெண், பிடுங்க வந்தவள், தாலிக்குண்டு ஒன்றைத் தவறவிட்டுவிட்டாள். கயிறு நைந்து ஒரு குண்டு உருண்டுவிட்டது. பட்டாணி அளவு இருக்கும். அந்தப் பெண் அழக்கூட இல்லை, வயலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளோடு வேலை செய்கிற இருபது பேரும் சுற்றி நின்றார்கள். நான் வீசிக்கொண்டு போனேன். கூவியது. பட்டனை அழுத்திக்கொண்டு வந்தேன், சத்தம் ஏறியது, உச்சிக்குப் போனது. கோடு போட்டேன். சோலைமுத்து உட்கார்ந்து தோண்டினான்.

“மாப்ள, வந்துச்சா?”

“இல்ல மச்சான்.”

“நல்லா பாரு.”

“பாத்துட்டேன். வெறும் மண்ணுதான்.”

மறுபடி மிஷினைக் காட்டினேன். குழிக்கு மேலேயே கூவியது, சார். காலிக் குழி. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் கூவுகிறது. அவன் இன்னும் ஆழமாகத் தோண்டினான், முழங்கை அளவுக்கு. இல்லை. மறுபடி காட்டினேன், கூவியது. சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி, “சேவலும் கூவுது, மிஷினும் கூவுது, விடியத்தான் மாட்டேங்குது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். தனபாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். மிஷின் இருக்கிறது என்கிறது. குழியில் இல்லை. குழிக்குள் போன கை ஒன்றே ஒன்றுதான். அந்தக் கைக்காரன் குழியை ஒட்டியே குந்தியிருக்கிறான். கணக்கு எங்கே போய் நிற்கும்?

“எந்திரி” என்றேன்.

எழுந்தான்.

“கையை அகட்டி நில்லு.”

விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். சோளக்கொல்லை பொம்மை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அந்தப் பெண்களைப் பார்த்துச் சிரித்தான். நான் தட்டைத் தூக்கி அவன் காலில் ஆரம்பித்தேன். முழங்கால், தொடை. இடுப்புக்கு வந்ததும் வீல் என்று கத்தியது.

அப்போதுதான் அவன் சிரிப்பை நிறுத்தினான். மற்றவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

வேட்டியைச் சற்று இறக்கி அரைஞாண் கயிற்றைக் காட்டினான். அதில் ஒரு வெள்ளித் தாயத்து. போன வருஷம் காய்ச்சலில் கிடந்தபோது என் தங்கைதான் கட்டிவிட்டாள். பக்கத்தில் வீட்டுச் சாவி. “இன்னும் பாக்கணுமா மச்சான்?” என்றான்.

“சட்டைப் பையை உதறு” என்றேன்.

ஆரம்பித்ததை முழுசாகச் செய்ய வேண்டும் அல்லவா? பாதியில் விட்டால் சந்தேகம் அப்படியே நின்றுவிடும். அவன் நல்லதற்குத்தான். பையை வெளியே இழுத்துக் காட்டினான். பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த கடலை மிட்டாய் விழுந்தது. அதை எடுத்து மண்ணைத் தட்டி மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டான். களைக்கொத்தியைக் குழி ஓரத்தில் வைத்தான், எறியவில்லை, வைத்தான். பிடுங்கிப்போட்ட கடலைச் செடிகளை மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்து ரோட்டுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மறுநாள் காலையில் தனபாக்கியமே வந்து கையால் கிளறியிருக்கிறாள். குண்டு கிடைத்துவிட்டது. எங்கே என்கிறீர்கள்? எங்கள் குழிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி. இரண்டு விரற்கடை ஆழத்தில்.

கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சோலைமுத்து பயந்துபோய் திரும்பி வந்து போட்டுவிட்டுப் போயிருப்பான் என்றுதான் தோன்றியது. யாருக்கும் அப்படித்தானே தோன்றும்? அதை நான் ஊரெல்லாம் சொல்லவில்லை. ஒரு நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேர் என்றால் நாலே பேர். டீக்கடையில் பக்கத்தில் நின்றவர்கள் காதில் விழுந்தால் அதற்கு நான் பொறுப்பா?

மூன்றாம் நாள் இளஞ்சியம் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

“அண்ணே, இருவது பொம்பளைங்க முன்னாடி எம் புருசனை மிஷினை வச்சுத் தடவினியா?”

“மிஷின் கூவுச்சும்மா. நானா கூவினேன்?”

“சரி. அப்ப எம் மவ காது குத்துக்கு அந்த மிஷினையே மடியை விரிக்கச் சொல்லு” என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். சின்னதிலிருந்தே அவளுக்கு வாய் அதிகம்.

பிறகு நானே பார்த்தேன், நானே தோண்டினேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். இரண்டிலும் அதே கதை. கோடு போட்ட இடத்தில் பொருள் இல்லை. இப்போது குழிக்குள் போன கை என்னுடையது, சார். பக்கத்தில் வேறு ஆள் இல்லை. யார் இடுப்பில் மிஷினைக் காட்டுவது?

அதனால்தான் இன்றைக்குத் திருச்சி. அங்கே ஒரு சந்தில் ரேடியோ, அளவு மிஷின் எல்லாம் பழுது பார்க்கிற கடை இருக்கிறது. நிலோஃபர் என்று ஒரு பெண், முப்பது வயதிருக்கும், அவள்தான் பார்க்கிறாள். மிஷினை மேசையில் வைத்ததும் கம்பையும் தட்டையும் சேர்க்கிற இடத்தை ஒரு பார்வை பார்த்தாள். இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து போல்ட்டிடம் கொண்டுபோனாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

“அண்ணே, இது யாரு போட்டது?”

“சைக்கிள் கடை போல்ட்டு” என்றேன்.

“சைக்கிள் கடைக்காரரா போட்டாரு?”

“அங்க வாங்கினது.”

அவள் சிரிக்கவில்லை. மர ஸ்டூலை நடுவில் இழுத்துப் போட்டாள். அதன்மேல் ஒரு அட்டை, அட்டையில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி, குறியின்மேல் ஒரு காசு. சுற்றி இருந்த இரும்புச் சாமான்களையெல்லாம் ஒதுக்கினாள். பட்டனை அழுத்திக் காட்டச் சொன்னாள். காட்டினேன். சத்தம் உச்சிக்குப் போன இடத்தில் இன்னொரு குறி போட்டாள். இரண்டு குறிக்கும் நடுவில் விரலை விரித்து வைத்துப் பார்த்தாள். ஒரு சாண்.

பிறகு இரும்பு போல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு பிளாஸ்டிக் போல்ட்டை மாட்டினாள். “இப்பக் காட்டுங்க” என்றாள். காட்டினேன். சத்தம் காசுக்கு மேலேயே போய் நின்றது. மூன்று முறை காட்டினேன். மூன்று முறையும் காசுக்கு மேலேயே.

நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். உலோகம் தேடுகிற தட்டின்மேலேயே நான் ஓர் இரும்பை வைத்து இறுக்கியிருக்கிறேன். நடக்கும்போது அது தெரியாதாம், தட்டோடு சேர்ந்தே நகர்வதால் மிஷின் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுமாம். பின்பாயிண்ட் போடும்போது அந்த இரும்பு சத்தத்தின் உச்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. பொருள் இருக்கிற இடம் ஒன்று, சத்தம் காட்டுகிற இடம் ஒன்று. அதற்காகத்தான் கம்பெனியில் பிளாஸ்டிக் போடுகிறார்கள்.

“இத்தனை நாளா யாருமே உங்ககிட்ட இந்த போல்ட்டைப் பத்திச் சொல்லலையா?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். சோலைமுத்து சொன்னான்தான். ஆனால் அவன் மெக்கானிக்கா? அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான், அது பலித்துவிட்டது. அவ்வளவுதான்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும், நீங்களே சொல்லுங்கள். ஆலங்குடி வந்துவிட்டது. இன்னும் கால் மணி நேரம்தான். மாப்பிள்ளை காலில் விழ முடியுமா? வயதில் மூத்தவன் நான். “மிஷின்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது, இப்போது மிஷினைச் சரி செய்துவிட்டேன்” என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். என்ன? என் தப்பு என்று சொல்லச் சொல்கிறீர்களா? போல்ட் மாட்டினது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்லதை நினைத்து மாட்டினது.

உங்கள் போனைக் கொஞ்சம் தருவீர்களா? என் நம்பரென்றால் எடுக்க மாட்டான். ஒரே நிமிஷம்.

ஹலோ... மாப்ள, நான்தான்... வச்சிராத, வச்சிராத. திருச்சிலேர்ந்து வாரேன். ரிப்பேர்க் கடைக்குப் போனேன். போல்ட்டுதான்... ஆமா, நீ சொன்னதுதான். அதுதான் ஒரு சாண் தள்ளிக் காட்டியிருக்கு. நீ எடுக்கலன்னு தெரிஞ்சுபோச்சு. மிஷின்லயே தெரிஞ்சுபோச்சு... என்ன?... இல்ல, அது எப்படி... இல்ல மாப்ள, அப்படிக் கேட்டா... சரி... சரி. வாரேன்... சாப்பிட்டுட்டா? சரி.

வைத்துவிட்டான். இந்தாருங்கள் போன். ரொம்ப நன்றி.

வரச் சொல்லிவிட்டான், சார்! “நம்ம பகையை அந்தப் பிள்ளை மேல காட்ட வேண்டாம், முறை உங்க முறைதான், நீங்களே வந்து மடியில வச்சுக்குங்க” என்றான். சித்தப்பா மகனிடம் அவனே சொல்லிவிடுவானாம். இளஞ்சியத்திடமும் சொல்லிவிடுவானாம். காது குத்தி முடிந்ததும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னான். தன்னோடு எதுவும் பேச வேண்டாம் என்றான். அது சும்மா, ஒரு கோபம். மனதில் பகை இருக்கிறவன் சாப்பிட்டுவிட்டுப் போ என்பானா? ஒரு தடவைகூட மச்சான் என்று சொன்ன மாதிரி இல்லை. பஸ் இரைச்சலில் என் காதில் விழாமல் போயிருக்கலாம்.

நடுவில் ஒரு கேள்வி கேட்டான். அதற்குத்தான் நான் தடுமாறினேன். “போல்ட்டு சரியா இருந்திருந்தா, நான் திருடனா?” என்று கேட்டான்.

எதிர்பார்க்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால் பதில் ரொம்பச் சுலபம். போல்ட் சரியாக இருந்திருந்தால் மிஷின் சரியான இடத்தைக் காட்டியிருக்கும். முதல் குழியிலேயே குண்டு கிடைத்திருக்கும். நான் அவனை எழுந்திருக்கவே சொல்லியிருக்க மாட்டேன். சந்தேகத்துக்கே இடமில்லை. அந்தப் பேச்சே வந்திருக்காது. இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அவன் அமைதியாகியிருப்பான்.

கீழக்கொல்லை விலக்கு வந்துவிட்டது. கொஞ்சம் வழி விடுங்கள், சார். பையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இறங்கின உடனே அவனிடம் அதைத்தான் சொல்லப்போகிறேன். பேச வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை, இதை மட்டும் சொல்லிவிட வேண்டும். பதில் சரிதானே? நீங்கள் படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள், சொல்லுங்கள். சரிதானே, சார்?

ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்?